நிறம் தேறும் காலம்

விற்பவர் காட்டும் படத்தில் இருக்கிற நிறம் அடுத்த ஆண்டு உங்கள் தொட்டியில் இருக்காது. ஆக்சலாட்டில் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் இரவு பதற்றத்தோடு கூப்பிடுவார்கள். "அண்ணா, வெள்ளைன்னுதானே குடுத்தீங்க? இப்ப மூஞ்சியெல்லாம் கறுப்புப் புள்ளி வருது. ஏதாவது நோயா?"

நோயில்லை. அது பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

இந்த உயிரைப் பொறுத்தவரை பெரிதாவது என்பதே கொஞ்சம் விசித்திரமான சங்கதி. தலைப்பிரட்டை வாலை இழந்து, காலை முளைக்கவைத்து, தவளையாகிக் கரையேறிவிடுகிறது. ஆக்சலாட்டில் அப்படிக் கரையேறுவதில்லை. மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோவின் ஏரிக் கால்வாய்களில் பிறந்த இந்தச் சாலமாண்டர், குஞ்சுப் பருவத்து வெளிச் செவுள்களோடும் வால் துடுப்போடும் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடுகிறது. முட்டையிடும் பருவம் வந்த பிறகும் உருவம் குஞ்சின் உருவம்தான். பத்து, பதினைந்து ஆண்டு வாழும். இளமை கழிந்ததை மேனியமைப்பு சொல்லாத ஓர் உயிரில், வயதைச் சொல்லும் வேலையில் பெரும்பங்கு நிறத்தின் மேல் விழுகிறது. அதனால்தான் ஆக்சலாட்டிலின் நிறமாற்றம் எனக்கு வெறும் அழகு விஷயமாக என்றுமே பட்டதில்லை. அதன் வாழ்க்கைக் குறிப்பு அங்கேதான் எழுதப்படுகிறது.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். ஒரு பெண் ஒரே ஈட்டில் சில நூறு முட்டை இடும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. கூழ் போர்த்திய அந்த முட்டைகள் சில தாய்களிடம் கறுப்பாகவும் சில தாய்களிடம் வெள்ளையாகவும் இருக்கும். முட்டையின் நிறத்தைப் பார்த்துக் குஞ்சின் நிறத்தைச் சொல்ல முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. முட்டையில் இருக்கும் கறுப்பு தாய் கொடுத்தது. அல்பினோத் தாய் இடும் முட்டையெல்லாம் வெள்ளை. உள்ளே வளர்வது கருமேனிக் குஞ்சாகவே இருந்தாலும் தொடக்கத்தில் வெள்ளைதான். கருந்தாயின் முட்டை கறுப்பு, உள்ளே இருப்பது அல்பினோவானாலும் சரி. ஆக, முதல் நாளிலேயே நிறம் நம்மை நம்பவிடுவதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். குஞ்சு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடி மாதிரி உடல், உள்ளே ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறாலைத் தின்ற வயிறு ஆரஞ்சாகத் தெரியும். வெள்ளைப் பீங்கான் கரண்டியில் துளி நீரோடு ஒன்றை எடுத்து, கைலென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று. முதுகின் மேல் கிளைவிட்ட கறுப்புச் செல்கள் தனித்தனியாகத் தெரியும், எண்ணிவிடலாம் போல. அவற்றுக்கு நடுவே இளமஞ்சள். நாள் போகப் போகக் கறுப்பும் மஞ்சளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பக்கவாட்டில் குறுக்குப் பட்டைகளாக அணிவகுக்கும். காட்டு நிறக் குஞ்சில் இந்தப் பட்டை சில வாரங்கள் தெளிவாக இருக்கும். பிறகு செல்கள் பெருகப் பெருகப் பட்டை கலைந்து, மேனி முழுவதும் புள்ளியும் திட்டுமாக ஆகிவிடும். பட்டையோடு இருக்கும் குஞ்சைப் பார்த்து, "வரி ஆக்சலாட்டில்" என்று ஒருவர் தனி ரகமாக விலை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வரி அடுத்த பருவத்துக்கு நிற்காது.

இங்கே மூன்று வகைச் செல்களை அறிமுகப்படுத்திவிட வேண்டும். இவை பிடிபட்டால் மீதி எல்லாம் பிடிபடும். கறுப்பு, பழுப்பைத் தருவது மெலனோஃபோர். மஞ்சளைத் தருவது சாந்தோஃபோர். டெரிடின் வகைச் சாயங்களும் கரோட்டினாய்டும் ரிபோஃப்ளேவினும் அதற்குள் இருக்கின்றன. மூன்றாவது இரிடோஃபோர். அதில் சாயமே கிடையாது, நுண்ணிய பியூரின் படிகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், ஒளி பட்டால் மினுங்கும். மூன்றும் கருவின் முதுகுவிளிம்பில் நரம்புக் குழாய் மூடும் இடத்தில் பிறந்து, அங்கிருந்து தோலுக்கடியில் பயணம் செய்து உடலெங்கும் பரவுகின்றன. எந்தச் செல் பிறக்கவில்லை, எந்தச் செல் பயணம் போகவில்லை, எந்தச் செல்லால் சாயம் செய்ய முடியவில்லை என்பதைப் பொறுத்துத்தான் கடைக்காரர்கள் சொல்லும் எல்லா ரகப் பெயர்களும். மூன்றும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை என்பதுதான் வளர்ப்பவருக்கு முக்கியம். கறுப்பும் மஞ்சளும் முந்திக்கொள்ளும். மினுக்கம் பிந்தி வரும்.

காட்டு நிறத்தை, வளர்ப்போர் வழக்கில் வைல்ட் டைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் குஞ்சு சேற்றுப்பச்சையாக, விசேஷம் எதுவும் இல்லாததாக இருக்கும். கடையில் கடைசியாக விற்பது அதுதான். அதையே ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டும். அடிநிறம் ஆழ்ந்து பாசியும் காப்பிப் பழுப்பும் கலந்ததாகிவிடும். அதன் மேல் பொன் துகள்கள். முதலில் செவுள் தண்டில் ஒன்றிரண்டு, பிறகு கன்னத்தில், பிறகு விலாவில். கண்ணைச் சுற்றி மெல்லிய பொன் வளையம். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது தலையைத் திருப்பும்போது அந்தத் துகள்கள் வரிசையாக ஒளிவிட்டு அணையும். என்னிடம் இருக்கும் பெண் ஒன்றுக்கு இப்போது இடது கன்னத்தில் மட்டும் துகள்கள் அடர்ந்து, வலப்பக்கம் ஐந்தாறோடு நின்றுவிட்டன. கூடப்பிறந்ததற்கு வாலில்தான் எல்லாமே. இரண்டு வைல்ட் டைப் ஒரே மாதிரி முதிர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கண் வளையம் வேறொரு விதத்திலும் உதவும். சின்ன வயதில் வைல்ட் டைப்பும் மெலனாய்டு என்ற கறுப்பு ரகமும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும், விற்பவரே மாற்றிச் சொல்லிவிடுவார். மெலனாய்டில் மினுக்கச் செல் கிடையாது, மஞ்சளும் மிகக் குறைவு. ஆகவே பொன் வளையம் வரவே வராது. கண் ஒரே கறுப்பாக இருக்கும். சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு கணம் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கணம் என்று சொல்வது காரணத்தோடுதான். ஆக்சலாட்டிலுக்கு இமை இல்லை, வெளிச்சத்திலிருந்து கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. மெலனாய்டு வயதாக ஆகக் கறுப்பு கூடி வெல்வெட் மாதிரி வரும். வயிற்றுப் பக்கம் சாம்பல் தெளியும். இந்த ரகத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கண்ட ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. கவுட் நோய்க்காரருக்குக் கொடுக்கும் அலோபியூரினால் மருந்தைச் சாலமாண்டர் லார்வாவுக்குக் கொடுத்தபோது அது மெலனாய்டு மாதிரியே கறுத்தது. யூரிக் அமிலம் உண்டாவதைத் தடுக்கும் மருந்து அது. யூரிக் அமிலமும் பியூரின் வழிச் சரக்குதானே, மினுக்கப் படிகமும் அந்தக் குடும்பம்தான். ஆனால் மெலனாய்டுக்குக் காரணமான மரபணு எல்டிகே என்று 2023இல்தான் உறுதியானது. அது மினுக்கச் செல்கள் உருவாவதோடு தொடர்புடையது.

இனி லூசிஸ்டிக். வெள்ளை மேனி, கறுப்புக் கண், சிவந்த செவுள். ஆக்சலாட்டில் என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது இந்த உருவம்தான். இந்த வெள்ளைக்கு ஒரு வம்ச வரலாறு இருக்கிறது. பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் இருந்த காலத்தில் அங்கிருந்து 34 ஆக்சலாட்டில்கள் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ஆறு, 1864 ஜனவரியில் அங்கிருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அகுஸ்த் துமேரில் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரு பெண். ஆண்களில் ஒன்று வெள்ளை. அந்த ஆறின் வழித்தோன்றல்கள்தான் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குப் பரவின. உலகத் தொட்டிகளில் இன்று நீந்தும் வெள்ளை ஆக்சலாட்டில்கள் அந்த ஓர் ஆணைத் தொட்டு வருபவை. துமேரிலின் தொட்டியில் பிறந்த குஞ்சுகள் சில மறு வருடம் செவுளை இழந்து, கருமேனியில் மஞ்சள் திட்டுகளோடு கரைவாழ் சாலமாண்டராகிவிட்டன. அவரே அசந்துபோனார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

லூசிஸ்டிக் வெள்ளைக்குக் காரணம் சாயம் செய்ய முடியாதது அல்ல. அதன் மெலனோஃபோருக்குச் சாயம் செய்யத் தெரியும். பயணம்தான் நின்றுபோயிருக்கிறது. செல்லை உடல் முழுக்க வரவழைக்கும் சமிக்ஞை ஒன்று தோலில் குறைவு. எண்டோதெலின் 3 என்ற அந்த மரபணுவில்தான் மாற்றம் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் கறுப்புச் செல்கள் பிறந்த இடத்தை ஒட்டியே, தலை உச்சியிலும் முதுகு வரியிலும் தங்கிவிடுகின்றன. கண் கறுப்பாக இருப்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. விழித்திரையின் கறுப்பு வேறு இடத்தில் பிறப்பது, அதற்குப் பயணமே தேவையில்லை.

இப்போது அந்தத் தொலைபேசிக் கேள்விக்கு வருவோம். லூசிஸ்டிக் குஞ்சு பொரிக்கும்போது தலையிலும் முதுகிலும் கறுப்போடுதான் பொரிக்கிறது. உடல் பெரிதாகும்போது அந்தக் கறுப்பு, ஊதும் பலூனில் வைத்த மைப்புள்ளிபோல, பரந்து வெளிறிப்போகிறது. மூன்று நான்கு மாதத்தில் குஞ்சு தூய வெள்ளையாகத் தெரியும். விற்பனை நடப்பது அந்த வயதில்தான். ஆனால் அங்கே தங்கிய செல்கள் சாகவில்லை. விலங்கு முதிரும்போது அவற்றில் சில மறுபடி பெருகுகின்றன. மூக்கின் மேல், கண்களுக்கு நடுவில், செவுள் தண்டில், சிலவற்றுக்கு முதுகுத் துடுப்பு ஓரத்தில், மாநிறப் புள்ளிகளாக எழுகின்றன. பிறகு கறுக்கின்றன. எல்லா லூசிஸ்டிக்கும் இப்படி ஆவதில்லை. ஆறு வயதிலும் ஒரு புள்ளி இல்லாமல் இருப்பது உண்டு. புள்ளி நிறைந்தவற்றை ஆங்கிலத்தில் "டர்ட்டி லூசிஸ்டிக்", அதாவது அழுக்கு லூசிஸ்டிக், என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அந்தப் புள்ளிகளில் அழுக்கு எதுவும் இல்லை. பயணம் போகாமல் நின்ற செல்கள் காலம் தாழ்த்தி எட்டிய தூரம் அது.

லூசிஸ்டிக்கின் செவுளும் மாறும். குஞ்சில் பளிச்சென்ற சிவப்பு. முதிர்ந்ததில் இழைகள் அடர்ந்து, சிலவற்றில் நுனியில் சாம்பல் படரும். இந்த மெதுவான மாற்றத்தையும் ஒரே நாளில் வந்துபோகும் மாற்றத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செவுளில் இருப்பது இரத்தம். துள்ளி இரை பிடித்த பிறகு செக்கச் சிவக்கும், ஓய்ந்து கிடக்கும்போது வெளிறும். நாளுக்குப் பலமுறை நடப்பது. பயப்பட ஏதுமில்லை.

கோல்டன் அல்பினோவின் கதை இன்னும் சுவையானது. துமேரில் வம்சத்தில் அல்பினோ கிடையாது. 1962இல் ரூஃபஸ் ஹம்ஃப்ரி என்ற ஆய்வாளர், மினசோட்டாவில் கிடைத்த ஓர் அல்பினோ டைகர் சாலமாண்டரைச் செயற்கைக் கருவூட்டல் வழியே ஆக்சலாட்டிலோடு சேர்த்தார். இன்று தொட்டிகளில் உள்ள அல்பினோ மரபணு அந்த வேற்றினத்திலிருந்து வந்தது. 2017 ஆய்வில் அந்த மரபணுவைச் சுற்றி டைகர் சாலமாண்டரின் டி.என்.ஏ. துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. கோல்டனில் கறுப்புச் சாயம் செய்ய வழியில்லை. மஞ்சளும் மினுக்கமும் மட்டும். வெள்ளை அல்பினோ என்பது அல்பினோவும் லூசிஸ்டிக்கும் ஒரே உடலில் கூடியது. அதில் மஞ்சள் செல்லும் பரவாது, கண் இளஞ்சிவப்பு.

பொரித்த முதல் சில வாரம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் பால் வெள்ளை, இரண்டுக்கும் சிவந்த கண். கோல்டனில் மஞ்சள் செல்கள் மெதுவாக நிரம்பும். முதலில் எலுமிச்சைச் சாயல், ஆறேழு மாதத்தில் வாழைப்பழ மஞ்சள், முதிர்ந்ததில் சிலவற்றுக்குக் கடும் ஆரஞ்சு. அதன் மேல் மினுக்கச் செல்கள் தெளித்தது மாதிரி வெள்ளிப் புள்ளிகள். "வெள்ளை வாங்கினேன், மஞ்சளாகிப்போச்சு" என்று குறைப்பட்டவர் ஒருவரிடம் அந்த விலங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டில் அது அடைந்த நிறத்தை எந்தக் கடைப் படத்திலும் நான் கண்டதில்லை.

முதிர்ச்சிக்கென்று தனியாக ஒரு நிறக்குறி இருக்கிறது. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளத்தில், பெரும்பாலும் ஓராண்டை ஒட்டி, இவை பருவத்துக்கு வருகின்றன. அப்போது வெளிர் மேனி விலங்குகளின் விரல் நுனிகள் பழுப்பேறும். நகச்சாயம் தொட்டதுபோல் ஒவ்வொரு நுனியும் தனியாகத் தெரியும். ஆணுக்கு வால் அடியில் புழைவாய்ப் பகுதி புடைப்பதும் இந்தச் சமயத்தில்தான். ஆண், பெண்ணைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் விரல் நுனியைக் கவனித்துவந்தால் போதும், பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று தெரிந்துகொள்ளலாம். பெண் குஞ்சுகளைச் சீக்கிரமே முட்டையிட விடுவது அவற்றை உருக்கிவிடும். ஒன்றரை வயதாவது ஆகட்டும்.

இதுவரை சொன்னது செல்களின் எண்ணிக்கையால் வரும் மாற்றம். மாதக்கணக்கில் நடப்பது. இன்னொன்று நாள்கணக்கில் நடப்பது. கறுப்புச் செல்லுக்குள் சாயத்துகள் கிளைகளில் விரிந்தால் மேனி கறுக்கும், நடுவில் குவிந்தால் வெளுக்கும். ஒரே ஈட்டுக் குஞ்சுகளைப் பாதி வெள்ளைத் தொட்டியிலும் பாதி கருமணல் தொட்டியிலும் விட்டுப் பாருங்கள். சில நாளில் வித்தியாசம் தெரியும். பல வாரம் அப்படியே இருந்தால் செல்களின் எண்ணிக்கையே கூடிக் குறைந்து அந்த வேறுபாடு நிலைக்கும். வைல்ட் டைப்பில் இது நன்றாகத் தெரியும், லூசிஸ்டிக்கில் தெரியாது. வீடு மாறிய விலங்கு "நிறம் கம்மியாகிவிட்டது" என்று சொல்கிறவர்களிடம் முதலில் தரை என்ன நிறம் என்று கேட்பேன்.

நாங்கள் இருக்கும் டொரான்டோவில் வீட்டு பேஸ்மென்ட் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். என் தொட்டிகள் அங்கேதான். ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுவேன். அதே தொட்டி, அதே விளக்கு, அதே கோணம், ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை. அந்த அட்டை முக்கியம். ஃபோன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். அட்டையின் சாம்பல் எல்லாப் படத்திலும் ஒன்றாக வந்திருந்தால்தான் விலங்கின் நிறத்தை ஒப்பிட முடியும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. சித்திரைப் படத்தையும் ஆவணிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கன்னத்தில் எத்தனை துகள் கூடியிருக்கிறது, மூக்குப் புள்ளி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று எல்லாம் தெரியும். வெட்டுப்பட்ட கால் முளைத்து வந்ததையும் இப்படித்தான் தொடர்ந்தேன். புதுக்கால் முதலில் நிறமே இல்லாமல் கண்ணாடியாக வந்தது. விரல்கள் பிரிந்த பிறகுதான் கறுப்பு மேலிருந்து இறங்கியது. பழைய புள்ளிகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் அச்சாகத் திரும்பும் உயிரில், புள்ளிக்கோலம் மட்டும் புதிது.

படம் எடுக்கும் பழக்கத்துக்கு முக்கியமான காரணம் வேறு. வயது மாற்றும் நிறத்தையும் தண்ணீர் மாற்றும் நிறத்தையும் பிரித்தறிய அது ஒன்றே வழி. வயது மெதுவாக மாற்றும், புள்ளிபுள்ளியாக, விலங்கு நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதே. தண்ணீர் இரண்டு நாளில் மாற்றிவிடும். மேனி முழுக்க வெளிறி, செவுள் முன்பக்கம் மடங்கி, வால் நுனி சுருண்டு, இரையை மறுத்தால் அது முதிர்ச்சி அல்ல. உடனே அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. வெளிர் விலங்கின் தோலில் இரத்தச் சிவப்பு படர்ந்தால் அம்மோனியா சுட்டிருக்கலாம். செவுளில் பஞ்சுபோல் வெள்ளை ஒட்டியிருந்தால் பூஞ்சை. லூசிஸ்டிக்கின் மேனி மஞ்சளாகி வயிறும் உப்பினால் ஈரல் கெட்டிருக்கக்கூடும், கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இதில் ஒன்றைக்கூட "வளர்கிறது, நிறம் மாறுகிறது" என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. எதுவும் வளர்ச்சிதான் என்று ஆறுதல் சொல்பவர் எங்கும் இருக்கிறார், அந்த ஆறுதலால் செத்த விலங்குகளும் இருக்கின்றன.

துமேரிலுக்கு நடந்த அதிசயம் இன்றும் அபூர்வமாக நடப்பதுண்டு. செவுள் குட்டையாகிக்கொண்டே போய், வால் துடுப்பு கரைந்து, கண் புடைத்து இமை உருவாகி, தோல் உரிந்து திட்டுத்திட்டாக நிறம் மாறினால் விலங்கு கரைவாழ் உருவத்துக்குப் போகிறது என்று பொருள். நீர்மட்டத்தை இறக்கி, ஏறி உட்கார ஈரமான இடம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

நிறத்தை ஊட்டி வளர்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். நிறமேற்றும் மாத்திரைத் தீனி சந்தையில் இருக்கிறது. கரோட்டினாய்டு நிறைந்த உணவு மஞ்சள் செல் உள்ள விலங்கில் சாயலைக் கொஞ்சம் தூக்கலாம். இல்லாத செல்லை எந்தத் தீனியும் படைக்காது. மண்புழு போதும். பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழுவைப் போல முழுமையான உணவு இதற்கு வேறில்லை. அதைத் தின்று வளரும் கோல்டன் தன் ஆரஞ்சைத் தானே தேடிக்கொள்ளும்.

குழந்தைகள் கேட்பது நீலம். மைன்கிராஃப்டில் 2021இல் ஆக்சலாட்டில் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. அந்த விளையாட்டில் நீலம் 1,200இல் ஒன்றாகத்தான் பிறக்குமாம். "அங்கிள், புளூ எப்ப வரும்?" என்று நண்பரின் மகள் கேட்டபோது, உண்மையான ஆக்சலாட்டிலில் நீலம் பிறப்பதே இல்லை என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு வைல்ட் டைப்பின் கண் வளையத்தைக் காட்டினேன். வெகுநேரம் தொட்டியை விட்டு நகரவில்லை. பெரியவர்களிடமும் நீலம் என்று சொல்லி விற்கிறார்கள். பெரும்பாலும் நீல விளக்கின் கீழ் சாம்பல் மெலனாய்டு. பாதி உடல் ஒளிரும் பச்சையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கும் "மின்மினி" ரகமும் விலையேறி விற்கிறது. அவை இரண்டு கருக்களை வெட்டி ஒட்டிச் செய்தவை. நான் வாங்கமாட்டேன். அவற்றை விற்பவரிடம் வேறு குஞ்சும் வாங்கமாட்டேன்.

இத்தனை ரகம் பேசியபின் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். சந்தையில் மலிவான நிறம்தான் இந்த உயிரின் சொந்த நிறம். சோச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 ஆக்சலாட்டில் இருப்பதாகக் கணித்தார்கள். 2014இல் அது 36 ஆகிவிட்டது. மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் சாம்பிரானோ குழுவினர், அங்கே ஏரியில் மண்மேடிட்டுப் பயிர்செய்யும் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, கால்வாய்களில் வடிகட்டித் தடுப்பு வைத்து அவற்றுக்கு அடைக்கல இடங்கள் அமைத்துவருகிறார்கள். அந்நாட்டின் 50 பெசோ நோட்டில் ஆக்சலாட்டில் இருக்கிறது. உலகமெங்கும் தொட்டிகளில் இவ்வளவு பெருகியும், அந்தக் கால்வாய்ச் சேற்றில் மறைந்துகொள்ளவென்று உருவான பாசிப் பழுப்பும் பொன் துகளும் பிறந்த ஊரில் அற்றுப்போகிற நிலை. வெள்ளையையும் கோல்டனையும் நான் விரும்பித்தான் வளர்க்கிறேன். ஆனால் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் வைல்ட் டைப்பைத்தான் வைத்துக்கொள்வேன்.

தமிழ்நாட்டிலிருந்தும் நண்பர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இதற்குத் தண்ணீர் 16 முதல் 18 டிகிரி, எந்நாளும் 20ஐத் தாண்டக் கூடாது. சென்னையிலும் மதுரையிலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. மின்வெட்டு வந்தால் சில்லரும் நிற்கும். வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டில் இருப்பதால், 2022ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத் திருத்தத்தின்படி இந்தியாவில் வைத்திருப்போர் பதிவு செய்யவும் வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். வழியுள்ளவர்கள் குஞ்சின் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, அதன் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.